ஜோன் றேயும் நண்பர்களும் எழுதிய கடிதங்கள்

தமிழிலே கடிதம் எழுதுவதற்குப் பழைய முறை ஒன்றுண்டு. இவ்விடம் யாவரும் நலம், அவ்விடத்து நலமறிய அவா என்று தொடங்கி, வீட்டில் நடந்தவை, உடம்புக்கு வந்தவை, மழை வெயில் முதலியவற்றைச் சொல்லி முடித்து, அதன்பின் 'நிற்க' என்ற ஒரு சொல்லை எழுதி, சொல்ல வந்த காரியத்தைத் தொடங்குவர். நிற்கவுக்கு முன்னுள்ளது உறவு, பின்னுள்ளது காரியம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே தாவர ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அறிஞர் சிலர் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிலும் இவ்விரு பகுதிகளும் உள்ளன. ஆனால் அவற்றைப் பிரித்துக் காட்டும் சொல் அவர்களிடம் இருக்கவில்லை. காலிலே ஆறாத புண்ணைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அடுத்ததாக ஒரு பூவின் இதழ் எண்ணிக்கை வரும். அனுப்பிய சீனிக்கு நன்றி சொன்ன கையோடு ஒரு செடியின் விதையைப் பற்றிய ஐயம் வரும்.

இந்த அறிஞர்களுள் முதன்மையானவர் ஜோன் றே. அவர் இறந்து 13 ஆண்டுகளின்பின், 1718இல், அவருடைய கடிதங்களையும் அவருக்கு நண்பர்கள் எழுதிய கடிதங்களையும் வில்லியம் டெறம் என்ற பாதிரியார் நூலாக வெளியிட்டார். நூலின் பெயரே 'தத்துவக் கடிதங்கள்' என்று பொருள்படுவது. அக்காலத்தில் இயற்கை ஆராய்ச்சியைத் தத்துவம் என்றே வழங்கினர். பெயருக்கு ஏற்றபடி, ஆராய்ச்சி பற்றிய பகுதிகளை வைத்துக்கொண்டு, சொந்த விடயம் என்று தமக்குத் தோன்றிய பகுதிகளை டெறம் நீக்கிவிட்டார். நம்முடைய முறைப்படி சொல்வதானால், நிற்கவுக்கு முன்னுள்ளதைக் கத்தரித்தார். டெறம் அறிவிலி அல்லர். எசெக்ஸ் மாகாணத்திலே தமது தேவாலயக் கோபுரத்திலிருந்து தூரத்துப் பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். றேயை நேரில் கண்டு மதித்தவர். பெரியார் ஒருவரின் வீட்டுச் செய்திகளைச் சந்தைக்குக் கொண்டுவருதல் முறையன்று என்று அவர் நினைத்திருக்கலாம். ஆயினும் அவர் நீக்கியது எதை என்பதை அறிந்தால்தான் அவர் வைத்துக்கொண்டது எவ்வாறு உண்டாயிற்று என்பது விளங்கும்.

ஜோன் றே 1627ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எசெக்ஸ் மாகாணத்துப் பிளாக் நொட்லி என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் ஊர்க் கொல்லர். தாயார் மூலிகை அறிந்தவர் என்பர். உதவித்தொகை பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்ற மகன், 1649இல் அங்கே திரித்துவக் கல்லூரியின் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றுக் கிரேக்கமும் கணிதமும் கற்பித்தார். நோயுற்றுத் தேறிவரும் காலத்தில் உலாவப் போனவர், வழியோரப் பூண்டுகளின் பெயரை அறிய விரும்பினார், சொல்லித்தர ஆளில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்ததே, 1660இல் வெளியான கேம்பிறிட்ஜ் சுற்றாடலின் தாவரப் பட்டியல். ஒரு பிரதேசத்தின் தாவரங்களை முறையாகத் தொகுத்து இங்கிலாந்தில் எழுந்த முதல் நூல்களுள் அதுவும் ஒன்று.

இரண்டே ஆண்டுகளில் அந்த வாழ்வு முடிந்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் முடியாட்சி திரும்பியது. போர்க்காலத்தில் மக்கள் செய்த ஒரு சமய உடன்படிக்கைச் சத்தியம் எவரையும் கட்டுப்படுத்தாது என்று குருமாரும் ஆசிரியரும் கையொப்பமிட வேண்டும் என 1662இல் சட்டம் வந்தது. றே அந்தச் சத்தியத்தைச் செய்தவரல்லர். கையொப்பமிட்டால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆயினும் பிறர் கடவுளின் பெயரால் செய்த சத்தியத்தை வெறும் சொல் என்று அறிவிக்க அவர் மனம் ஒப்பவில்லை. பதவியைத் துறந்தார். அந்த நாட்களில் அவர் பட்ட மனக்குழப்பத்தை நண்பர் பீற்றர் கோட்டோப்புக்கு எழுதிய கடிதங்களே நமக்குக் காட்டுகின்றன. 34 வயதிலே சம்பளம் இல்லை, வீடு இல்லை, நூலகம் இல்லை. அன்று தொட்டு அவருக்குக் கல்லூரியாக அமைந்தது தபால்தான்.

அந்தத் தபாலின் நிலையையும் சிறிது அறிதல் வேண்டும். 1660ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே தாளில் எழுதிய கடிதத்துக்கு 80 மைலுக்கு உட்பட்டால் 2 பென்சும் அதற்கு மேற்பட்டால் 3 பென்சும் கட்டணம். தாள் இரண்டானால் கட்டணமும் இரட்டிக்கும். பணத்தைக் கட்டுபவர் பெரும்பாலும் அனுப்புபவர் அல்லர், பெறுபவரே. ஆகவே நண்பருக்கு நீண்ட கடிதம் எழுதுவது அவருடைய பணப்பையில் கைவைப்பதாகும். உலர்த்திய செடியைக் கடிதத்தோடு அனுப்புவது இன்னும் செலவு. அவற்றைத் தாள்களின் இடையில் வைத்துக் கட்டிப் பொதிவண்டிக்காரரிடம் கொடுத்தனர். இலண்டனிலிருந்து பிளாக் நொட்லிக்கு ஏறக்குறைய 40 மைல். பக்கத்து ஊராகிய பிறெயின்றி வரை பொதிவண்டி வரும். அங்கிருந்து ஆள் போய் எடுத்துவர வேண்டும். மழையில் நனைந்தால் செடி பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்து நொறுங்கினால் பூவின் உட்பகுதி தூளாகும்.

இத்தனை சிரமம் ஏன் எனில், பெயர் மட்டும் போதாது. அக்காலத்தில் ஒரு செடிக்கு ஊருக்கொரு பெயர், நூலுக்கொரு பெயர். யோர்க் நகரத்தவர் ஒரு பெயரைச் சொன்னால் அவர் எச்செடியைக் கருதினார் என்று எசெக்ஸ்காரர் அறிவதற்குச் செடி நேரில் வரவேண்டும், அல்லது எழுதியவரின் கண்ணை நம்பவேண்டும். கண்ணை நம்புவதாயின் ஆளைத் தெரிந்திருத்தல் வேண்டும்.

றே முதலில் அவ்வாறு நம்பிய ஆட்களுள் ஒருவர் மார்ட்டின் லிஸ்ரர். றேயிலும் 12 வயது இளையவர். பின்னாளில் யோர்க்கிலும் இலண்டனிலும் பேர்பெற்ற வைத்தியர். றே தம் செல்வந்த நண்பர் பிரான்சிஸ் வில்லபியோடு ஐரோப்பியப் பயணம் போனவர். அப்பயணத்தின் இறுதிக்கட்டத்தில், பிரான்சின் மொன்பெலியே நகரத்தில் இருவரும் பழகினர். ஊர் திரும்பியபின் எழுதத் தொடங்கினர். ஆரம்பத்தில் எல்லாம் இலத்தீன். நாளடைவில் நட்பு முதிர முதிர, தாய்மொழிக்கு வந்துசேர்ந்தனர். 1670 வரை றே தமது பெயரின் முதலில் ஒலிக்காத எழுத்தொன்றைச் சேர்த்து எழுதிவந்தார். இலத்தீனில் அவ்வெழுத்துக்கு இடமில்லை என்பதால் இனி அதை விட்டுவிட்டதாக அவர் அறிவித்ததும் லிஸ்ரருக்கு எழுதிய கடிதத்திலேதான்.

ஆனால் லிஸ்ரருக்கு எழுதியவற்றுள் மிகப் பெறுமதியானது 1669 மே மாதத்துக் கடிதம். அதன் பின்னணி இது. றோயல் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஜோன் வில்க்கின்ஸ், உலகத்தார் யாவருக்கும் பொதுவான ஒரு மொழியை ஆக்க முயன்றார். அதற்கு உலகப் பொருள்கள் அனைத்தையும் வகுத்து அட்டவணை இடவேண்டும். தாவர அட்டவணையை றேயிடம் ஒப்படைத்தார். நூல் 1668இல் வெளிவந்தது. மறு ஆண்டே றொபேட் மொறிசன் என்ற ஸ்கொத்லாந்துத் தாவர அறிஞர் அந்த அட்டவணையைத் தமது நூலொன்றில் கடுமையாக இகழ்ந்தார். மொறிசன் அரசரின் தோட்டங்களை மேற்பார்த்தவர்; ஒக்ஸ்போட்டில் தாவரவியல் பேராசிரியரானவர். இகழ்ச்சி றேயைச் சுட்டதில் வியப்பில்லை. வியப்பு என்னவெனில், இகழ்ச்சியின் உட்கரு சரியானது என்று றேக்கே தெரியும்!

லிஸ்ரருக்கு அவர் அதை மறைக்கவில்லை. அட்டவணை அமைத்தபோது இயற்கை காட்டிய வழியிற் செல்லத் தமக்கு இடம் தரப்படவில்லை என்றார். நூலாசிரியர் வகுத்த சட்டத்துள் செடிகளை அடக்கவேண்டியிருந்தது. பூண்டுகளை ஏறத்தாழச் சமமான மூன்று கூட்டங்களாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒன்பது ஒன்பதாக வகுக்கவேண்டும். அவற்றுள்ளும் செடிகளைச் சோடி சோடியாக நிறுத்தவேண்டும். இப்படிச் செய்த அட்டவணை நகைப்புக்கு இடமாகாமல் எப்படி இருக்கும் என்று அவரே கேட்கிறார். இதை அச்சிலே எழுத அவரால் முடிந்திருக்காது. எழுதியிருந்தால் நண்பரும் புரவலருமான வில்க்கின்சைச் சந்தியில் நிறுத்தியதாக முடியும். தாவரங்களை எண் கணக்குக்கு இணங்க வகுக்கலாகாது, அவற்றின் உறுப்புக்கள் பலவற்றின் ஒற்றுமையைக் கொண்டே வகுக்கவேண்டும் என்று 1682இலும் அதற்குப் பின்னும் றே எழுதிய நூல்கள் கூறுகின்றன. அக்கொள்கையின் கசப்பான தொடக்கம் ஓர் அந்தரங்கக் கடிதத்தில் இருக்கிறது.

1672இல் வில்லபி 36 வயதில் இறந்தார். றேக்கு ஆண்டுதோறும் 60 பவுண் கிடைக்கும்படி மரணசாசனத்தில் எழுதிவைத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் றேயின் சீவனத்துக்கு முதன்மையான ஆதாரம் அந்த 60 பவுணே. மறு ஆண்டு, அதே வீட்டில் இருந்த மார்கிறெற் ஓக்லி என்ற பெண்மணியை அவர் மணந்தார். 1679இல் தாயார் காலமானபின், தாயாருக்குத் தாம் கட்டிக்கொடுத்திருந்த பிளாக் நொட்லி வீட்டுக்கே குடிபுகுந்தார். இறக்கும்வரை, 25 ஆண்டுகளுக்கு மேலாக, அங்கேயே தங்கினார்.

அந்தக் கிராமத்து வீட்டிலிருந்துதான் உலகத் தாவரங்கள் அனைத்தையும் ஒரே நூலில் அடக்கும் 'தாவர வரலாறு' எழுந்தது. முதற் பாகம் 1686இலும் இரண்டாம் பாகம் 1688இலும் மூன்றாம் பாகம் 1704இலும் வந்தன. மூன்றிலும் சேர்ந்து விவரிக்கப்பட்டவை ஏறக்குறைய 18,000 தாவரங்கள். ஒரு படம்கூட இல்லை. செப்புத்தகட்டுக்குப் பணம் சேரவில்லை. படமில்லாத நூலில் சொல்லே படம். அந்தச் சொற்களுக்கு வேண்டிய செடிகளும் செய்திகளும் தபால் வழியாகவும் பொதிவண்டி வழியாகவும் வந்தன.

அனுப்பியவர்கள் பலதிறத்தினர். ராங்கிறெட் றொபின்சன் என்ற இளம் வைத்தியர் 1683இலும் 1684இலும் பிரான்சு, இத்தாலி நாடுகளில் திரிந்து, பொலோஞாவில் மல்பீகியைக் கண்டு பேசியதை எழுதினார். நூலை எழுதி முடிக்கும்படி றேயை ஓயாமல் நெருக்கியவரும் அவரே. பிறெயின்றியில் மருந்துச்சாலை வைத்திருந்த சாமுவேல் டேல் அண்டை வீட்டார் போன்றவர். வட இங்கிலாந்திலே பள்ளி ஆசிரியராக இருந்த தொமஸ் லோசன் என்பவர் குவேக்கர் சமயத்தவர். அரசின் தண்டனைக்கு ஆளான கூட்டம் அது. அவர் 1688இல் வடநாட்டுச் செடிகளின் நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பினார். றே அரச சமயத்திலிருந்து விலகாதவர். பட்டியலை வாங்கும்போது இருவருக்கும் அது தடையாகவில்லை.

வேல்ஸ் நாட்டவரான எட்வேட் லூயிட் ஒக்ஸ்போட் அஷ்மோலியன் காட்சிச்சாலையின் காப்பாளர். ஸ்னோடன் மலைச் சிகரங்களில் ஏறி, பிறர் காணாத செடிகளைப் பறித்து அனுப்பியவர். அவரோடு நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து செடியோடு நிற்கவில்லை. மலைச்சரிவில் ஆயிரக்கணக்கில் பாறைகள் உருண்டு கிடக்கின்றன, ஆனால் ஊர் மக்களின் நினைவுக்கு எட்டிய காலத்தில் உருண்டவை மிகச் சிலவே, அப்படியானால் இத்தனையும் விழ எத்தனை காலம் சென்றிருக்கும் என்று லூயிட் கேட்டார். கல்லிலே பதிந்த இலைகளும், மண்ணுக்கடியில் புதைந்த மரங்களும் சேர்ந்து கேள்வியைப் பெருக்கின. அக்காலக் கிறிஸ்தவ உலகம், வேதத்தைக் கொண்டு கணக்கிட்டு, பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டே வயது என்று நம்பியது. றே குருப்பட்டம் பெற்றவர். படைப்பிலே கடவுளின் ஞானத்தைக் காட்டி 1691இல் அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புக் கண்டது. அந்நூலின் குரல் உறுதியானது. 1695இல் லூயிட்டுக்கு எழுதிய கடிதத்தின் குரல் வேறு. இந்தச் சான்றுகளை உண்மை என ஏற்றால், உலகம் அண்மையில் தோன்றியது என்ற வேத வரலாற்றை அதிரவைக்கும் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருமே என்று அவர் அஞ்சினார். முடிவைச் சொல்லவில்லை, அச்சத்தை ஒளிக்கவும் இல்லை. ஓர் அறிஞர் தம் சமய நம்பிக்கைக்கும் தம் கண்ணுக்கும் நடுவே நின்று தயங்குவதை இங்கே அருகிலிருந்து காண்கிறோம்.

கடைசிக் காலத்தில் றேயின் வாழ்வு முழுவதும் ஒருவரோடு பிணைந்தது. அவர் ஹான்ஸ் ஸ்லோன். அயர்லாந்திற் பிறந்து இலண்டனில் உயர்ந்த வைத்தியர். 1693 முதல் றோயல் சங்கத்தின் செயலாளர். 1687இல் தேசாதிபதியின் வைத்தியராக ஜமேக்காவுக்குப் போக ஆயத்தமானபோது, நூல்களில் படித்து ஐயமுற்றிருந்த செடிகளைப் பற்றி அங்கே நேரிற் கண்டு தெளிவு தரும்படி றே அவரிடம் வேண்டினார். 1689இல் ஏறக்குறைய 800 செடிகளுடன் ஸ்லோன் திரும்பினார். பின்னர் இருவருக்கும் இடையே பொதிவண்டி ஓயவில்லை. ஸ்லோன் இரவலாக நூல்களை அனுப்புவார். றே படித்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். நூலோடு சில வேளைகளில் சீனியும் வரும். கிராமத்து வீட்டில் சீனி அருமையான பண்டம். மனைவியும் பிள்ளைகளும் மகிழ்ந்ததை றே எழுதி நன்றி கூறுகிறார்.

அந்தச் சீனியைப் பற்றி இக்காலத்தவர் மேலும் ஒன்றை எண்ணாதிருக்க இயலாது. 1695இல் ஸ்லோன் மணந்த பெண்மணி, ஜமேக்காவிலே கரும்புத் தோட்டங்களின் வருமானத்துக்கு உரித்தாளி. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். பிளாக் நொட்லிக்கு வந்த சீனி எங்கே விளைந்தது என்பதைக் கடிதங்கள் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமும் அவற்றில் தோன்றவில்லை. நேர்மைக்காகப் பதவியைத் துறந்த மனிதரின் கண்ணுக்கும் சில பொருள்கள் எட்டவில்லை.

1690களில் றேயின் கால்களில் புண்கள் தோன்றின. ஆறவில்லை. நாள் செல்லச் செல்ல நடப்பது அரிதாயிற்று. செடியைத் தேடிக் கால்நடையாக இங்கிலாந்தின் மாகாணங்களிலெல்லாம் அலைந்தவர், வீட்டுக்குப் பக்கத்து வயலுக்கும் போகமுடியாதவரானார். அதன்பின் பூச்சிகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். மகள்மார் நால்வரும் கம்பளிப்புழுக்களைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தனர். இன்ன புழுவை இன்ன மகள் கொண்டுவந்தாள் என்ற குறிப்பும் அவருடைய ஆராய்ச்சியில் உண்டு. ஸ்லோனுக்கு எழுதும்போது புண்ணின் நிறம், வேதனை, பூசிய மருந்து யாவற்றையும் விவரிக்கிறார். செடியை விவரிக்கும் அதே நிதானம். ஒரு வைத்தியருக்கு நோயாளி எழுதுவது போலவும் ஒரு சோதனையாளருக்கு மற்றொரு சோதனையாளர் எழுதுவது போலவும் அவை ஒருங்கே இருக்கின்றன.

அந்த நிதானம் ஓரிடத்தில் உடைகிறது. 1684இல் பிறந்த இரட்டைப் பெண்களுள் ஒருத்தி மேரி. 13 வயதில் அவள் சோகைப்பட்டு வெளுத்தாள். பின்பு செங்கண்மாரி கண்டது. தந்தை ஸ்லோனிடம் ஆலோசனை கேட்டு எழுதினார். மறுமொழி வந்து சேர்ந்தது. வந்து ஒரு நாளுக்குள் பிள்ளைக்குச் சன்னி கண்டது. மூன்று நாளில் இறந்துபோனாள். அது 1698 ஜனவரி மாதம். தமக்கும் மனைவிக்கும் விழுந்த அடியைப் பற்றி றே ஸ்லோனுக்கு எழுதினார். 40 மைல் தூரத்துப் பொதிவண்டி ஒரு பூண்டுக்குப் போதுமான விரைவுடையது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குப் போதவில்லை. ஆராய்ச்சிக் கடிதங்களை மட்டும் தெரிந்தெடுத்தால் இக்கடிதத்துக்கு இடம் இராது. ஆனால் இதன்பின்னும் றே அதே மேசையில் அமர்ந்து மூன்றாம் பாகத்துக்காகச் செடிகளைப் பற்றி ஸ்லோனுக்குத் தொடர்ந்து எழுதினார். இதை அறியாதவர் அக்குறிப்புக்களை வெறும் குறிப்பாகவே வாசிப்பர்.

மூன்றாம் பாகத்துக்குக் கீழைத்தேசச் செய்திகளைச் சேர்த்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் பெற்றிவர். இலண்டனில் அப்போதிக்கரியாக இருந்தவர். நாட்டை விட்டுப் பெரிதும் அசையாதவர். ஆனால் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலின் சத்திர வைத்தியர் பலரையும் தெரிந்துவைத்திருந்தார். செடியை எப்படி உலர்த்துவது, பூச்சியை எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு தாளில் அச்சடித்து அவர்களிடம் கொடுத்தனுப்புவார். சென்னையிலே புனித ஜோர்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பனியின் சத்திர வைத்தியராக இருந்த சாமுவேல் பிறவுண் அவருக்கு வாய்த்த சிறந்த நண்பர். சென்னைச் சுற்றாடலில் சேர்த்த செடிகளைப் பிறவுண் ஏடு ஏடாகக் கட்டி அனுப்பினார். ஒவ்வொன்றோடும் அதன் நாட்டுப்பெயரும் மருந்துக் குணமும் எழுதப்பட்டிருந்தன. 'மலபார்ப் பெயர்' என்று ஐரோப்பியர் அங்கே குறித்தது தமிழ்ப் பெயரையே. 1698இல் றோயல் சங்க வெளியீட்டில் முதன்முதலாக அவை வந்தபோது, பெற்றிவர் பிறவுணுக்கு எழுதிய கடிதமாகவே வந்தன. தமிழ்நாட்டு வைத்தியரும் மூலிகை பறிப்போரும் வாய்விட்டுச் சொல்லாமல் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் அப்பெயர்களை அறிந்திருக்க வழியில்லை. அந்தச் செடிகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில், ஸ்லோனின் உலர்செடித் தொகுதியில் உள்ளன.

சென்னை வழியாக வேறொரு கடிதத் தொடர்பும் ஏற்பட்டது. மணிலாவிலே இயேசு சபையின் மருந்துச்சாலையை நடத்திய கமேல் என்ற சகோதரர், பிலிப்பைன் தீவுகளின் செடிகளை வரைந்து, விவரித்து, சென்னையிலிருந்த ஆங்கில வைத்தியர் மூலம் பெற்றிவருக்கும் றேக்கும் அனுப்பினார். முதலில் அனுப்பிய பொதி கடற்கொள்ளையர் கையில் சிக்கியது. அவர் சோராமல் மீண்டும் எழுதி அனுப்பினார். ஸ்பெயினும் இங்கிலாந்தும் 1702 முதல் போரில் இருந்தன. அவர் கத்தோலிக்கர், றே புரட்டஸ்தாந்தர். 1704இல் வந்த மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பாக அவருடைய ஆராய்ச்சி அவர் பெயருடனே அச்சேறியது. பிற்காலத்தில் லினேயஸ் கமேலியா என்ற மரவகைக்குப் பெயரிட்டது இந்தச் சகோதரரை நினைந்தே.

இலங்கைத் தீவின் செடிகளும் இத்தகைய நட்பினாலேயே உலகறிய வந்தன. 1672 முதல் 1677 வரை ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்து செடிகளைச் சேர்த்தவர் போல் ஹேர்மன். பின்பு லெய்டனில் பேராசிரியரானார். 1695இல் அவர் இறந்தபோது எழுத்துப்படிகள் அச்சேறாமல் கிடந்தன. அவரிடம் படித்த ஆங்கிலேயரும் றேயின் நண்பருமான வில்லியம் ஷெராட், ஆசிரியரின் மனைவிக்கு உதவியாக அவற்றுள் ஒன்றை 1698இல் பதிப்பித்தார். இலங்கைச் செடிகளின் பட்டியலை 1717இல் வெளிக்கொணர்ந்தார். ஹேர்மனின் உலர்செடிகளை ஆதாரமாகக் கொண்டே 1747இல் லினேயஸ் இலங்கைத் தாவர நூலை எழுதினார்.

எல்லாரும் இவ்வாறு ஒத்துப் போயினர் என்று கொள்ளவேண்டா. லெனாட் புளுக்கெனெற் என்ற அறிஞர் ஸ்லோனையும் பெற்றிவரையும் தம் நூல்களிலே குத்திப் பேசினார். யார் முதலில் கண்டது, யார் பெயர் நிலைப்பது என்ற போட்டி அங்கும் இருந்தது. இரு பகுதியாரிடமும் செய்தி பெற்று, இரு பகுதியாரின் பெயரையும் நூலில் குறித்து, நடுவில் நின்றவர் றே. நடக்கமுடியாத மனிதருக்கு எவரையும் பகைக்க வசதியில்லை என்றும் சொல்லலாம். ஆனால் கேம்பிறிட்ஜை விட்டபோது நடக்க முடிந்தவராகவும் அவர் அப்படித்தான் இருந்தார்.

1705 ஜனவரி 7ஆம் திகதி றே ஸ்லோனுக்குக் கடைசிக் கடிதத்தை எழுதினார். நண்பர்களுள் தலைசிறந்தவர் என்று விளித்து, இவ்வுலகைப் பொறுத்தவரை விடைபெறுவதாகவும், தாம் இறக்கும் நிலையில் இருப்பதாகவும் கூறி, செய்த உதவிகளுக்குக் கடவுள் நூறு மடங்காகத் திருப்பித் தருவாராக என்று வேண்டிக் கையொப்பமிட்டார். கையொப்பத்தின்கீழே ஒரு பிற்குறிப்பு. லெய்டனிலே ஹேர்மனின் இடத்துக்கு வந்திருந்த ஹொற்றன் அவருக்கு அன்பான கடிதம் ஒன்று எழுதியிருந்தார். ஸ்லோன் அவருக்கு எழுதும்போது, கடிதம் கிடைத்தது என்றும், நன்றி என்றும், மறுமொழி எழுத இயலவில்லை என்றும் தெரிவிக்க வேண்டுகிறார். அதற்குமேல் ஒரு சொல்லைத் தொடங்குகிறார், வாக்கியம் முடியவில்லை. பத்து நாளின்பின், 17ஆம் திகதி, காலமானார்.

ஸ்லோன் தமக்கு வந்த கடிதங்களை எறியாதவர். அவருடைய சேமிப்பே 1753இல் பிரித்தானிய நூதனசாலைக்கு அடிப்படையாயிற்று. றே அவருக்கு எழுதியவையும் அதனோடு சென்றன. 1848இல் றேயின் பெயரால் அமைந்த சங்கத்துக்காக எட்வின் லங்கெஸ்ரர் அவற்றைச் சேர்த்துக் கடிதங்களின் பெரிய பதிப்பொன்றை வெளியிட்டார். சீனியும் புண்ணும் மேரியின் மரணமும் அதிலே இடம்பெற்றன. 1928இல் றொபேட் குந்தர், கோட்டோப்புக்கும் லூயிட்டுக்கும் எழுதியவற்றையும் பிறவற்றையும் தேடியெடுத்து மற்றொரு தொகுதி கொண்டுவந்தார். டெறம் கத்தரித்த பகுதிகளுள் மூலம் கிடைத்தவை இவ்வாறு ஒருவாறு மீண்டன. ஆனால் 1718இல் அவர் கையிலிருந்த கடிதங்கள் பலவற்றின் மூலம் பின்னர் எவருக்கும் கிடைக்கவில்லை. அவற்றை எழுதியவர்களின் செடிகளை அறிவோம். வீட்டில் அன்று என்ன நடந்தது என்பதை டெறம் ஒருவரே அறிந்திருந்தார்.